ஸ்கூட்டரில் கேசட் விற்ற ராக் பாடகர்: ரெமோ பெர்னாண்டஸ் பற்றிச் சில குறிப்புகள்

ரெமோ பெர்னாண்டஸ் பெயரை எங்கள் ஆபீசில் வடக்கத்திக்காரர்களிடம் சொன்னால் உடனே வரும் பதில், "ஹம்மா ஹம்மா பாடினவர்தானே?" என்பதுதான். 'பம்பாய்' (1995) படத்தில் தமிழில் ரஹ்மானும் சுரேஷ் பீட்டர்ஸும் பாடிய அந்தப் பாட்டை இந்தியில் பாடியவர் ரெமோ. பதில் சரிதான். ஆனால் நூற்றுக்கும் மேல் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, வாசித்து, பாடி, பதிவும் செய்த ஒரு மனிதரை, அவர் எழுதாத, மெட்டுப் போடாத ஒரு பாட்டை வைத்துத்தான் நாடு ஞாபகம் வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த உறுத்தலில்தான்.

எனக்கு அவர் அறிமுகமானது கருங்கலில். எங்கள் பகுதிக் கடற்கரையிலிருந்து கோவாவுக்கு விசைப்படகு வேலைக்குப் போகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அப்படிப் போய்வந்த உறவுக்கார மாமா ஒருவர் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது பையில் இரண்டு கேசட் இருந்தது. ஒன்று கொங்கணி. இன்னொன்று இங்கிலீஷ். "லேய், இது அவன் வீட்டுல இருந்தே ரெக்கார்டு பண்ணினதாக்கும்" என்றார். நான் நம்பவில்லை. பாட்டு என்றால் சென்னையில் பெரிய ஸ்டூடியோவில், அம்பது வயலின் வைத்துச் செய்கிற சங்கதி என்றுதான் அப்போது எனக்கு எண்ணம். மாமா சொன்னது உண்மைதான் என்று தெரிந்துகொள்ள பல வருஷம் ஆயிற்று.

ரெமோ 1953 மே 8 அன்று பிறந்தார். குடும்பம் வட கோவாவில் சியோலிம் என்ற கிராமம். அப்போது கோவா போர்ச்சுகல் ஆட்சியில் இருந்தது. இந்திய ராணுவம் நுழைந்தது 1961 டிசம்பரில், அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது. அதாவது பையன் போர்த்துகீசியப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி இந்தியப் பள்ளிக்கூடத்தில் படிப்பை முடித்த தலைமுறை. வீட்டில் போர்த்துகீசியம், தெருவில் கொங்கணி, பிறகு இங்கிலீஷ், இந்தி. பின்னாளில் பிரெஞ்சையும் சேர்த்து ஐந்து மொழியில் பாடினார் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். கோவாவில் பங்குக் கோயிலை ஒட்டிப் பள்ளிகள் நடந்தன. அங்கே பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசைக்குறியீட்டை வாசிக்கவும், வயலின் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். கோயிலில் பாட ஆள் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதன் பலன் வேறு இடத்தில் விளைந்தது. பம்பாய் சினிமாவின் ஆர்க்கெஸ்ட்ராக்கள் நிறைய கோவாக்காரர்களால் நிரம்பியிருந்தன. அந்தோனி கோன்சால்வஸ், செபாஸ்டியன் டிசோசா போன்றவர்கள் இந்தி இசையமைப்பாளர்களுக்காக இசைக்கோர்ப்பு செய்தவர்கள். இன்னொரு பக்கம் கிறிஸ் பெரியும் லோர்னாவும் ஜாஸ் வாசனையோடு கொங்கணிப் பாட்டுகளைக் கொடுத்தார்கள். ரெமோ திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. அவர் பிறக்கும்போதே ஊரில் இசை படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள்.

பம்பாய் ஜே.ஜே. கட்டடக்கலைக் கல்லூரியில் ஆர்க்கிடெக்ட் படிப்பு. படிக்கிற காலத்திலேயே பாண்டுகளில் கிட்டார். படிப்பு முடிந்து, 1970களின் கடைசியில் ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வழியில் வண்டி கேட்டு ஏறி ஊர் சுற்றிப் பாடினார். அப்புறம் திரும்பி வந்தது பம்பாய்க்கு அல்ல, சியோலிமுக்கு. இது முக்கியம்.

அந்தக் காலத்து இந்திய ராக் பாண்டுகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஹோட்டலிலும் கல்லூரி விழாவிலும் வெளிநாட்டுப் பாட்டை அச்சு அசலாக வாசிப்பதுதான் திறமை. சொந்தப் பாட்டு என்று சொன்னால் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும். ராக் மெஷின் (பிறகு இண்டஸ் க்ரீட்) பாண்டின் சொந்தப் பாட்டுகள் அடங்கிய முதல் ஆல்பம் வந்ததே 1988ல். அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1984ல், பம்பாய் கம்பெனிகள் கைவிரித்த பிறகு, ரெமோ 'கோவன் கிரேஸி' ஆல்பத்தை வீட்டிலேயே செய்தார். எல்லா வாத்தியமும் அவரே, எல்லாக் குரலும் அவரே. அட்டை வடிவமைப்பும் அவரே. கேசட்டுகளை ஸ்கூட்டரில் ஏற்றிக் கோவா முழுக்கக் கடை கடையாகப் போட்டதும் அவரே.

ஒரே ஆள் எப்படி எல்லாவற்றையும் வாசிக்க முடியும் என்று கேட்பவர்களுக்காக: அவர் பயன்படுத்தியது நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர். சாதாரண கேசட்டிலும் நான்கு தடங்கள் உண்டு. 'ஏ' பக்கத்துக்கு இடம் வலம் இரண்டு, 'பி' பக்கத்துக்கு இரண்டு. 1979ல் டீயாக் கம்பெனி கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ செய்த தந்திரம், நான்கையும் ஒரே திசையில் தனித்தனியாகப் பதிவு செய்வது. தரம் கூட டேப்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினார்கள். அதனால் 60 நிமிஷ கேசட்டில் 15 நிமிஷம்தான் கிடைக்கும். முதல் தடத்தில் தாளம், அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் பேஸ், மூன்றாவதில் கிட்டார். இந்த மூன்றையும் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டால் முதல் மூன்றும் மறுபடி காலி. குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் இடம் வந்துவிடும். ஆனால் கலந்தது கலந்ததுதான், கிட்டார் சத்தம் கூடிப்போச்சே என்று பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் டேப்பின் இரைச்சலும் கூடும். கண்ட்ரோல் இசட் அழுத்திப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு நினைத்தாலே வயிறு கலங்கும். அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'நெப்ராஸ்கா' (1982) ஆல்பத்தைத் தன் படுக்கையறையில் இதே வகை எந்திரத்தில்தான் பதிவு செய்தார். ஆனால் அவருக்குப் பின்னால் பெரிய கம்பெனி இருந்தது. ரெமோவுக்கு ஸ்கூட்டர்.

1985ல் 'ஓல்ட் கோவன் கோல்ட்', கோவாவின் பழைய பாட்டுகள். 1986ல் 'பேக் தட் ஸ்மாக்', தலைப்புப் பாட்டு ஹெராயினுக்கு எதிரானது. 1987ல் 'பாம்பே சிட்டி'. இந்தக் கட்டத்தில் சிபிஎஸ் கம்பெனி அவரைத் தேடி வந்துவிட்டது. ஷ்யாம் பெனகலின் 'திரிகால்' (1985) படத்தில் பாட்டும் கொடுத்தார், திரையிலும் வந்தார். ராஜீவ் காந்தி பிரதமராகக் கோவா வந்தபோது, மேடையில் அவர் முன்னாலேயே ஊரின் குறைகளைச் சொல்லி ஒரு பாட்டுப் பாடினார். இது மரியாதைக் குறைவு என்று சிலர் குதித்தார்கள். பிரதமரோ, பாட்டை ரசித்ததாகக் கடிதம் எழுதினார்.

'ஜல்வா' (1987) படம் அவரை வடநாடு முழுக்கக் கொண்டுபோனது. அப்புறம் 'ஹம்மா', 'ப்யார் தோ ஹோனா ஹி தா' (1998) தலைப்புப் பாட்டு, அதே வருஷம் 'ஓ மேரி முன்னி' என்ற இந்தி பாப் ஆல்பம். பணமும் புகழும் இங்கேதான் வந்திருக்கும். குறை சொல்ல நான் யார்? ஆனாலும் கேட்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 1984 முதல் 1992ல் வந்த 'பாலிட்டீஷியன்ஸ் டோன்ட் நோ டு ராக் அன் ரோல்' வரைக்கும் உள்ள ரெமோதான் எனக்கு ரெமோ. அந்தப் பாட்டுகளில் ஒரு ஊர் இருக்கிறது. மீன், கோயில் திருவிழா, டூரிஸ்ட் தொல்லை, அரசியல்வாதி, எல்லாம் இருக்கிறது. 'முன்னி'யில் ஊர் இல்லை.

2007ல் பத்மஸ்ரீ. பிறகு போர்த்துகீசியக் குடியுரிமை எடுத்துக்கொண்டார், அதற்கும் வசவு விழுந்தது. மதர் தெரசாவை வைத்து ஒரு ஓபரா எழுதினார். 2021ல் சுயசரிதை வெளியானது.

சரி, இதைக் கருங்கலில் இருந்து பார்த்தால்? நமக்கும் கோவாவுக்கும் உறவு பழையது. சவேரியார் 1544ல் நம் கடற்கரையில் நடந்து ஞானஸ்நானம் கொடுத்தவர். அவர் உடல் இருப்பது பழைய கோவாவில், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பொதுப் பார்வைக்கு வைக்கும்போது நம்ம ஊரிலிருந்து வண்டி பிடித்துப் போவார்கள். கோயில் பாடகர் குழு இங்கேயும் உண்டு. ஆர்மோனியமும் கீபோர்டும் கிட்டாரும் தெரிந்த பையன்களுக்குப் பஞ்சமில்லை. சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, கைக்காசு போட்டு கேசட் அடித்து, திருவிழாக் கடையில் விற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் அவை எல்லாம் பக்திப் பாட்டுகள். சந்தை பற்றி, ரப்பர் விலை பற்றி, வள்ளத்தில் போய்த் திரும்பாதவனைப் பற்றி அதே பையன் ஏன் ஒரு பாட்டுக் கட்டவில்லை?

சினிமா என்று சுலபமாகப் பதில் சொல்லலாம். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. கோவாவிலும் இந்தி சினிமா இருந்தது. ஆனால் கொங்கணியில் பெரிய சினிமாத்துறை கிடையாது. கோவாக்காரனின் சொந்த மொழிப் பாட்டு 'தியாத்ர்' நாடக மேடையிலும் ரெக்கார்டிலும்தான் வாழ்ந்தது. அந்த மேடையில் அன்றன்றைய அரசியலைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டுவது வழக்கம். ரெமோ கிட்டாரோடு நின்றது அந்தப் பழக்கத்தின் மேல்தான் என்று நினைக்கிறேன். தமிழில் இதற்குப் பக்கத்தில் வந்தது இலங்கைதான். அங்கேயும் பெரிய தமிழ் சினிமாத்துறை இல்லை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'வும் சிலோன் மனோகரின் பைலாக்களும் அங்கிருந்துதான் வந்தன, இலங்கை வானொலி வழியாக நம் குமரிக்கரை வீடுகளிலும் கேட்டன. சினிமா பலமாக இல்லாத இடத்தில்தான் தனிப்பாடகன் முளைத்திருக்கிறான். இதை ஒரு ஊகமாகத்தான் வைக்கிறேன். மறுக்கிற உதாரணம் தெரிந்தவர்கள் சொன்னால் திருத்திக்கொள்வேன்.

மாமாவின் கேசட் இரண்டில் கொங்கணி கேசட் மட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. டேப் சுருங்கிப்போய் இழுத்து இழுத்துப் பாடுகிறது. போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேகத்தைச் சரிசெய்து மாமாவிடம் போட்டுக் காட்டினேன். இரைச்சலையும் எடுத்துவிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு இதுதான். ஆனா அந்த சர்ர்னு ஒரு சத்தம் வருமே, அது எங்க மக்கா?" என்றார்.