தோம்பும் முகிலும்

வாணிகம் செய்வோனுக்கு மூலதனம் இரண்டு. ஒன்று அவன் பெட்டியிலுள்ள பணம். மற்றொன்று அவன் ஏட்டிலுள்ள நினைவு. யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார், எத்தவணையில் தருவதாகச் சொன்னார், முன்பு சொன்ன சொல்லைக் காத்தாரா என்பனவெல்லாம் அந்நினைவில் அடங்கும். பணம் போனால் மீண்டும் தேடிக்கொள்ளலாம். நினைவு அழிந்தால் வாணிகமே அழியும். ஆகவே வாடிக்கையாளரைப் பற்றிய குறிப்புக்களை ஏடுகளில் எழுதிவைத்தலும், ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டுடன் இணைத்தலும் மிகப் பழைய கலைகளாக வளர்ந்து வந்துள்ளன. இன்று முகிற்கணினி என வழங்கப்படும் புதிய ஏற்பாட்டில் வாடிக்கையாளர் ஏடுகளை அமைத்து, அவற்றை நிறுவனத்தின் பழைய கணக்குகளோடு பிணைக்கும் முயற்சி உலகெங்கும் நடைபெறுகின்றது. அம்முயற்சி வன்னியின் கடைத்தெருவுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வந்துசேரும் இக்காலத்தில், அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் பயனுடைத்தாகும்.

தமிழ் வணிகரின் கணக்கு முறையில் சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அன்றன்று நடந்த கொடுக்கல் வாங்கல்களை நடந்த ஒழுங்கிலேயே குறிப்பது சிட்டை. அவற்றை ஆள் ஆளாகப் பிரித்து, ஒவ்வொருவர் பெயரிலும் பற்று வரவு காட்டுவது பேரேடு. எல்லாவற்றையும் திரட்டி நிலைமையை உணர்த்துவது ஐந்தொகை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்புச் செட்டியார் தெருவிலும், பர்மாவிலும், மலாயாவிலும் நடத்திய வட்டிக்கடைகள் இத்தகைய ஏடுகளை ஆதாரமாகக் கொண்டே கடல் கடந்து இயங்கின.

மேலைநாட்டில் லூக்கா பச்சோலி என்னும் துறவி 1494ஆம் ஆண்டில் வெனிசு நகரிலே வெளியிட்ட கணித நூலில், இரட்டைப் பதிவு முறையை விளக்கியுள்ளார். அவரும் மூன்று ஏடுகளையே கூறினார்: நாட்குறிப்பு, நாளேடு, பேரேடு. அவர் விதித்த சிறு விதியொன்று நம் கவனத்திற்குரியது. ஓர் ஏட்டிலிருந்த பதிவை அடுத்த ஏட்டிற்கு மாற்றியவுடன், பழைய பதிவின் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும். பேரேட்டின் எப்பக்கத்திற்கு அது சென்றது என்பதையும் ஓரத்தில் குறித்தல் வேண்டும். கோடு இல்லையேல் மாற்றப்படவில்லை என்பது பொருள். கோடு இருந்தால் இரண்டாம் முறை மாற்றுதல் ஆகாது. இக்காலத்து மென்பொருள் வல்லுநர் இரு கணினி ஏடுகளை இணைக்கும்போது முதலிற் கவலையுறுவதும் இதே காரியத்தைப் பற்றித்தான். பதிவு விடுபடவும் கூடாது, இருமுறை ஏறவும் கூடாது. கருவி மாறியது, கவலை மாறவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். யாழ்ப்பாணத்துப் பழைய காணியுறுதிகளைப் பார்த்தவர்கள் 'தோம்பு' என்னும் சொல்லை அறிவார்கள். போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த இச்சொல் பதிவேட்டைக் குறிப்பது. போர்த்துக்கேயர் தொடங்கிய இம்முறையை, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் விரித்து நடத்தினர். அவர்களுடைய தோம்பு இருவகைப்படும். குடும்பத் தலைவனையும் அவன் வீட்டாரையும், அவர்கள் செய்யவேண்டிய ஊழியத்தையும் கூறுவது தலைத்தோம்பு. தோட்டம், வயல், அங்கு நிற்கும் தென்னை, பலா, கமுகு ஆகியவற்றைக் கூறுவது நிலத்தோம்பு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொழும்புத் திசாவைப் பகுதியில் எழுதப்பட்ட தோம்புகளில், ஆளைப் பற்றிய பதிவும் நிலத்தைப் பற்றிய பதிவும் ஒன்றையொன்று சுட்டுமாறு அமைக்கப்பட்டன. ஆளின் பதிவைப் பிடித்தால் நிலத்தை அடையலாம். நிலத்தின் பதிவைப் பிடித்தால் ஆளை அடையலாம். கடதாசியிலும் மையிலும் செய்யப்பட்ட இணைப்பே இது.

தோம்பு குடிகளின் நன்மைக்காக எழுதப்பட்டதெனக் கொள்ளுதல் தவறாகும். வரியும் ஊழியமும் தவறாது பெறுவதற்காகவே அது எழுதப்பட்டது. ஆயினும் பிற்காலத்தில் தம் முன்னோரின் காணியுரிமையை நிலைநாட்ட விரும்பியவர்களுக்கு அதுவே சான்றாயிற்று. ஏடு எழுதுபவனின் நோக்கம் ஒன்றாக இருக்கலாம். ஏட்டினால் விளையும் பயன் வேறாக இருக்கலாம். இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் பதிவுகள் பெருகின. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம், காணிபற்றிய உறுதிகளைப் பதியும் முறையை ஒழுங்குபடுத்தியது. பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றின் பதிவுகளுக்குப் பிரதிகள் வேறிடத்திற் பேணப்பட்டன. பாடசாலைகளிலும் இதே தத்துவத்தைக் காணலாம். மாணவன் பாடசாலையிற் சேரும் நாளில் சேர்வு இடாப்பில் அவனுக்கு ஓர் இலக்கம் கிடைக்கின்றது. ஒரு வகுப்பில் இரண்டு சிவகுமார் இருக்கலாம். ஆனால் ஒரு சேர்விலக்கம் ஒருவனுக்கே உரியது. வரவு இடாப்பும் புள்ளிப் பட்டியலும் விடுகைப் பத்திரமும் அந்த ஓர் இலக்கத்தாற் கோக்கப்படுகின்றன. பல ஏடுகளை இணைக்கும் நூல் அந்த இலக்கமே.

கணினி வந்தபோது இந்நூல் அறுந்தது எனலாம். பெரிய நிறுவனங்களில் கணக்குப் பகுதி ஒரு கணினி முறையை வைத்துக்கொண்டது. களஞ்சியம் வேறொன்றை வைத்துக்கொண்டது. விற்பனையாளர் தத்தம் குறிப்புக்களைத் தனியே பேணினர். ஒரே வாடிக்கையாளர் மூன்று ஏடுகளில் மூன்று ஆட்களாக வாழ்ந்தார். இக்குறையை நீக்கும் பொருட்டு, 1990களில் வாடிக்கையாளர் தொடர்பு முகாமைக்கெனத் தனி மென்பொருள்கள் எழுந்தன. 1999இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே தோன்றிய சேல்ஸ்போர்ஸ் நிறுவனம், அம்மென்பொருளை வாங்கித் தன் கணினியில் நிறுவ வேண்டியதில்லை, இணையத்தின் வழியே வாடகைக்குப் பயன்படுத்தலாம் என்னும் முறையைப் பரப்பியது. 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் என்னும் நிறுவனம், 2005இல் சோஹோ என்ற பெயரில் இத்தகைய மென்பொருளை வெளியிட்டது. அந்நிறுவனம் பின்னர் அப்பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டு, தென்காசி போன்ற ஊர்ப்புறத்திலும் தன் அலுவலகத்தை அமைத்தது.

முகில் என்னும் சொல் மயக்கந் தரக்கூடும். வானத்தில் எதுவும் தங்குவதில்லை. எங்கோ ஓரிடத்தில், காவலும் குளிரூட்டலும் உள்ள கட்டடத்தில், பிறருக்குச் சொந்தமான கணினிகளில் நம் ஏடு வைக்கப்பட்டிருக்கின்றது. நாம் தொலைவிலிருந்து அதனைத் திறந்து பார்க்கின்றோம். இதுவே அதன் பொருள்.

புதுக்குடியிருப்பிலோ முள்ளியவளையிலோ விவசாய உபகரணங்கள் விற்கும் ஒரு நிலையத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் கணக்குகள் கடையிலுள்ள கணினியில் உள்ளன. கடன்பற்றுக்கள் கொப்பியில் உள்ளன. இப்போது முகிலில் ஒரு வாடிக்கையாளர் ஏடு தொடங்குகின்றார்கள். பழையவற்றைப் புதியதோடு பிணைக்கப் புகும்போது அவர்களை எதிர்நோக்கும் இடர்கள் யாவை?

முதலாவது, ஆளை அறிதல். நம்மவர் தந்தையின் பெயரை முன்னே வைத்து எழுதுவர். ஒருவர் முழுப்பெயராகவும் மற்றொருவர் முதலெழுத்தாகவும் எழுதுவர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் நான்கு விதமாகத் திரியும். ஆகவே அடையாள அட்டை இலக்கத்தை நாடுவர். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1972 முதல் வழங்கப்பட்ட அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டில் பிறந்த நாளின் எண்ணையும் குறிக்கும். பெண்களாயின் அவ்வெண்ணுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் பன்னிரண்டு இலக்க முறை வந்தது. பழையதைப் புதிய வடிவில் எழுதுவதற்கு முன்னே 19 சேர்த்து, பழைய ஐந்தாம் இலக்கத்தின் பின் ஒரு பூச்சியம் இட்டு, இறுதி எழுத்தை நீக்க வேண்டும். இதனை அறியாத மென்பொருள் ஒரே விவசாயியை இருவராகக் கொள்ளும். ஒருவர் கடனைத் தீர்த்தவராகவும் மற்றவர் கடனாளியாகவும் நிற்பர். அடுத்த போகத்துக்குப் பசளை கேட்டுவரும் அந்த ஏழை, தான் தீர்த்த கடனுக்காகத் திருப்பியனுப்பப்படுவார்.

இரண்டாவது, எழுத்து. யுனிகோடு முறையில் தமிழ் எழுத்துக்கள் 1991இலேயே இடம்பெற்றன. எனினும் நம் பகுதியில் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களே வழக்கிலிருந்தன. அவற்றிலே திரையில் 'அம்மா' என்று தோன்றினாலும், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களே பதிவாகியிருக்கும். அத்தகைய பட்டியலை மாற்றாமல் அப்படியே முகிலுக்கு அனுப்பினால் பெயர்கள் பொருளற்ற எழுத்துக் குவியலாகிவிடும். முதலில் யுனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் ஒருவர் கண்ணால் ஒத்துப் பார்த்த பின்னரே அனுப்புதல் வேண்டும்.

மூன்றாவது, எவ்வேடு எதற்கு மூலம் என்பது. வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம் முகிலில் ஒன்றாகவும் கடைக் கணினியில் வேறாகவும் இருந்தால் எதனை நம்புவது? விலாசமும் தொலைபேசியும் புதிய ஏட்டில் திருத்தப்படும், கடன் மீதி கணக்கேட்டில் மட்டுமே திருத்தப்படும் என்றாற்போல முன்கூட்டியே விதி வகுத்தல் வேண்டும். விதியின்றி இரு ஏடுகளும் ஒன்றையொன்று திருத்த விட்டால், சரியானதைப் பிழையானது அழிக்கும். மின்சாரமோ இணையமோ தடைப்படும் நேரத்தில் கடையில் எழுதப்பட்ட சிட்டைகள் பின்னர் முகிலுக்குச் செல்லும்போது, ஒவ்வொன்றும் தன் இலக்கத்துடன் செல்லவேண்டும். பச்சோலி இழுத்த கோட்டின் வேலையை இங்கே அச்சிட்டை இலக்கம் செய்கின்றது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பிரதி எங்கே உள்ளது என்னும் வினா உண்டு. இதன் பொருளை முல்லைத்தீவு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் உயிர்களோடு ஏடுகளையும் கொண்டு சென்றது. 2009இல் போர் முடிவுற்ற வேளையில், பன்முறை இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் கையில் பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ காணியுறுதியோ இருக்கவில்லை. வேறிடத்தில் பிரதி இருந்த பதிவுகளை மீண்டும் பெறமுடிந்தது. ஓரிடத்தில் மட்டும் இருந்தவை அவ்விடத்தோடு போயின. இவ்வகையில் முகில் நமக்கு ஒரு வரமே. கடை அழிந்தாலும் ஏடு அழியாது.

ஆனால் அவ்வரத்தையும் கண்மூடி ஏற்றலாகாது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் முகிற்கட்டமைப்பே கப்பம் கோரும் தீய மென்பொருளால் தாக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட காலத்து அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாது போயின; அக்காலத்துக்குரிய தனிப்பிரதி வேறாகப் பேணப்படாமையே காரணம். முகிலில் இருப்பதும் ஒரு பிரதியே. இரண்டாவது பிரதி நம் கைவசம் இருத்தல் வேண்டும். அன்றியும், ஏட்டில் உள்ள பெயர் நமக்குரிய பொருள் அன்று. அப்பெயருடையவர் நம்மிடம் நம்பி ஒப்படைத்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கடமையைச் சட்டத்தின் மொழியில் எடுத்துரைக்கின்றது. கேட்ட நோக்கத்துக்கு வேண்டிய அளவே கேட்டல், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தாமை, பிழையைத் திருத்த இடங்கொடுத்தல் ஆகியன நல்ல கணக்குப்பிள்ளை எக்காலத்தும் கைக்கொண்ட அறங்களே.

நேயர்களே, தோம்பு எழுதிய ஒல்லாந்தக் கணக்கனுக்கும், பேரேடு புரட்டிய செட்டியாருக்கும், இன்று திரைமுன் அமர்ந்திருக்கும் இளைஞனுக்கும் வேலை ஒன்றே. ஒருவரை ஒருவராகவே அறிந்து, அவரைப் பற்றிய உண்மையை எல்லா ஏடுகளிலும் ஒரேபடியாக நிறுத்துவதே அவ்வேலை. நம் பகுதியிலுள்ள சங்கமோ கடையோ புதிய மென்பொருளை வாங்க எண்ணுமாயின், விலையை விசாரிக்குமுன் பழைய கொப்பிகளை எடுத்து மேசைமேல் வைக்கட்டும். இருமுறை எழுதப்பட்ட பெயர்களை ஒன்றாக்கட்டும். இறந்தவர்களின் கணக்கையும் இடம்பெயர்ந்து மீளாதவர்களின் கணக்கையும் வேறாகப் பிரிக்கட்டும். தீர்ந்த கடனுக்குக் கோடு இழுக்கட்டும். அவ்வேலை முடிந்தபின் முகிலுக்கு ஏற்றுதல் சில நாட் காரியம். முடியாமல் ஏற்றினால், பழைய பிழைகளே புதிய வேகத்துடன் ஊரெங்கும் பரவும்.