கண்புரை அறுவையின் இரண்டாம் நாள்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இன்று கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. காலையில் மருத்துவமனைக்குச் செல்கிறார்கள். கால்மணி நேரத்தில் வேலை முடிகிறது. மாலையில் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டு வாசலில் அமர்ந்திருக்கிறார்கள். பல் பிடுங்குவதைவிட எளிது என்று ஒருவர் மற்றவருக்குத் தைரியம் சொல்வதும் நம் காதில் விழுகிறது. எளிது என்பது உண்மையே. ஆனால் இந்த எளிமை தானாக வந்ததன்று. கண்ணில் ஊசியேற்றத் தெரிந்தவர்கள் இந்நாட்டில் பன்னெடுங்காலமாகவே இருந்தார்கள். அப்படித் தொட்ட கண் மறுநாள் என்ன ஆயிற்று, மறுமாதம் என்ன ஆயிற்று என்று இருந்து பார்த்தவர்களே குறைவு. நம் நகரில் இவ்வறுவையின் வரலாறு பெரும்பாலும் அவ்வாறு இருந்து பார்த்தவர்களின் வரலாறு என்பது நம் எண்ணம்.

சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரப் பகுதி, ஊசியால் புரையை விலக்கும் முறையை விரித்துரைக்கிறது. அதன்பின் நோயாளி தும்மாமலும் இருமாமலும் ஏப்பம் விடாமலும் கிடக்க வேண்டும் என்கிறது. ஊசி தகாத இடத்தில் பட்டால் நேரும் குருதிக் கசிவு, வலி, சிவப்பு ஆகியவற்றையும் அவற்றுக்கான மருந்தையும் கூறுகிறது. நூல் அறிந்திருந்ததைத் தொழில் காலப்போக்கில் மறந்தது. ஊர்ஊராகத் திரிந்த புரை வைத்தியர், வெளுத்த வில்லையை ஊசியால் கண்ணின் அடிப்பக்கம் தள்ளிவிடுவார். கூடியிருப்போர் முன்னிலையில் விரல்களை நீட்டி, எத்தனை என்று கேட்பார். நேற்றுவரை குருடராயிருந்தவர் சரியாகச் சொல்வார். கூலியைப் பெற்றுக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊருக்கு நடையைக் கட்டுவார். தள்ளப்பட்ட வில்லையோ கண்ணுக்குள்ளேயே கிடக்கும். நாள்கள் செல்லச் செல்ல அழற்சி மூளும். கண்ணின் அழுத்தம் ஏறும். மீண்டும் இருள் சூழும். அதைப் பார்க்க வைத்தியர் அங்கே இருப்பதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 1750ஆம் ஆண்டு லைப்சிக் நகரில், இசைமேதை பாக்கின் கண்களில் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயர் இருமுறை அறுவை செய்தார். ஊருக்கு ஊர் வண்டியில் சென்று விளம்பரத்தோடு தொழில் நடத்தியவர் அவர். கட்டுப் பிரிக்கும் நாளுக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விடுவார் என்று பெயரெடுத்தவர். பாக் முற்றிலும் பார்வை இழந்து, அவ்வாண்டு ஜூலை 28ஆம் நாள் காலமானார்.

மாற்கு நற்செய்தியில் வரும் பெத்சாய்தா பார்வையற்றவர் இங்கே நம் நினைவுக்கு வருகிறார். இயேசு அவர்மேல் கைகளை வைத்தபின், ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். தெளிவாகத் தெரியவில்லை என்றறிந்ததும் இரண்டாம் முறை தொடுகிறார். குணமாக்கியவரே நின்று பலனை விசாரிக்கும் நிகழ்ச்சி அது.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) காலத்துக் கண் நோயாளர் குறிப்புகள், கண்களின் வண்ண ஓவியங்களோடு சரசுவதி மகாலில் உள்ளன. அந்நாளிலேயே, 1819இல், சென்னையில் ஒரு கண் மருத்துவமனை எழுந்தது. மயிலைக்கு அருகிலுள்ள ராயப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் எழும்பூருக்குச் சென்ற அதுவே இன்றைய அரசு கண் மருத்துவமனை. இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையை அடுத்து உலகில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அதைக் கூறுவர். நிலையான கட்டடம் எழுந்ததால் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. வைத்தியர் ஊரைவிட்டுப் போக முடியாது. கெட்டுப்போன கண் திரும்பி வந்து கதவைத் தட்டும்.

அவ்வாறு தட்டியவர்களை எண்ணத் தொடங்கியவர் ராபர்ட் ஹென்றி எலியட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பூரில் கண்காணிப்பாளராயிருந்தவர்; கண் அழுத்த நோய்க்கு 1909இல் அவர் புகுத்திய துளையிடும் அறுவை உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் அவருடைய பொறுமையான பணி வேறொன்று. நாட்டு வைத்தியரிடம் புரை தள்ளிக்கொண்டு, பின்னர் பார்வை கெட்டு வந்தவர்களை நூற்றுக்கணக்கில் அவர் பதிவு செய்தார். மீட்க இயலாமல் அகற்றப்பட்ட விழிகளைச் சேகரித்து, வெட்டிப் பார்த்து, வில்லை எங்கே கிடக்கிறது, அழற்சி எப்படிப் பரவியது, அழுத்தம் ஏன் ஏறியது என்று ஆராய்ந்தார். 1917இல் இலண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியில் இதைப் பற்றியே சொற்பொழிவாற்றினார். பிற்காலத்தில் இவர் இலண்டன் மாய வித்தைக்காரர் சங்கத்தின் குழுவொன்றுக்குத் தலைமை தாங்கி, இந்தியக் கயிற்று வித்தையை மெய்ப்பித்துக் காட்டுவோருக்குப் பரிசு அறிவித்தார் என்பது சுவையான செய்தி. கூட்டத்தின் முன் விரல் காட்டிக் கைதட்டல் பெறும் வித்தையை எழும்பூரிலேயே கண்டவர் அல்லவா அவர்!

மருத்துவமனை முறையும் ஆபத்தற்றதன்று. வில்லையை முழுதாக வெளியே எடுக்கப் பெரிய கீறல் வேண்டியிருந்தது. தலை அசையாதபடி இருபுறமும் மணல் மூட்டை வைத்து நோயாளியைக் கிடத்தினர். தப்பியவருக்கும் சோடாபுட்டிக் கண்ணாடியே துணை. 1949இல் ஹரால்டு ரிட்லி இலண்டன் புனித தோமா மருத்துவமனையில் முதன்முதலாகச் செயற்கை வில்லையைப் பொருத்தினார். (பதினாறாம் நூற்றாண்டில் அம்மருத்துவமனைக்கு, நம் சாந்தோமில் போற்றப்படும் திருத்தூதரின் பெயரே புதிதாகச் சூட்டப்பட்டது என்பதை மயிலை வாசகர்கள் விரும்புவர்.) அவ்வில்லைகளும் பல கண்களில் நழுவின, அழற்சி தந்தன, சில திரும்ப எடுக்கப்பட்டன. சார்ல்ஸ் கெல்மன் 1967இல் கேளா ஒலியால் புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறையைக் கொணர்ந்தபின் கீறல் சிறிதாயிற்று. அப்போது வில்லையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையின் பின்பக்கத்தைக் காப்பது முதன்மையாயிற்று; புதிய வில்லை அமரும் இருக்கை அவ்வுறையே.

அதன் மென்மையை எண்ணினால் வியப்பே மேலிடும். பின்னுறையின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக்கினால் அதில் ஏறத்தாழ நான்கு பங்கு கனமே உடையது. அது கிழிந்தால் ஓசை இல்லை. நோயாளிக்கு வலியும் இல்லை. கண்ணின் முன்னறை திடீரென ஆழமாகும். பாவை ஒரு கணம் விரிந்து சுருங்கும். கருவியின் முனைக்கு வந்துகொண்டிருந்த புரைத்துண்டு வர மறுத்துச் சாயும். அவ்வளவே அறிகுறி. பதறிக் கருவியை வெளியே இழுத்தால் முன்னறை சரியும்; பின்னாலுள்ள விழிக்கூழ் கிழிசல் வழியே பாய்ந்து வரும்; அது விழித்திரையைப் பற்றியிருப்பதால் அதையும் இழுத்துவிடும். ஆகவே தேர்ந்தவர் முதலில் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார். நீர் பாய்வதை நிறுத்தாமல், மறுகையால் பசை போன்ற மருந்தை உட்செலுத்தி அறையை நிரப்பிய பின்னரே கருவியை எடுக்கிறார். முன்னே வந்த கூழை இழுக்காமல் வெட்டியெடுக்கிறார். புரைத்துண்டு ஆழத்தில் விழுந்துவிட்டால் அதைத் துழாவிப் பிடிப்பதில்லை. விழித்திரை வல்லுநரிடம் ஒப்படைக்கிறார். இந்த நிதானமும், தன்னால் இயலாததைப் பிறரிடம் ஒப்படைக்கும் பணிவும் பயிற்சியில் அரிதாகக் கிட்டுபவை என்று நாம் கருதுகிறோம்.

ஒப்படைக்க ஆள் வேண்டுமே! விழிக்கூழுக்குள் புகுந்து செய்யும் நவீன அறுவையை ராபர்ட் மக்கமர் அமெரிக்காவில் நிலைநாட்டியது 1970ஐ ஒட்டித்தான். அதே 1970இல், பாஸ்டனில் சார்ல்ஸ் ஷெப்பன்ஸிடம் விழித்திரை மருத்துவம் பயின்ற எஸ். எஸ். பத்ரிநாத் சென்னை திரும்பினார்; அடையாறு வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றினார்; 1978இல் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். 2023 நவம்பரில் அவர் மறைந்தபோது, அவருடைய மாணவர்கள் நாடெங்கும் இருந்தனர்.

உறை முற்றும் கிழிந்த கண்ணில் வில்லையை எங்கே அமர்த்துவது என்ற கேள்விக்கும் நம் நகரிலிருந்தே ஒரு விடை பிறந்தது. கதீட்ரல் சாலையில் கண் வடிவக் கட்டடத்தால் பலரும் அறிந்த மருத்துவமனையை நிறுவியவர் ஜெய்வீர் அகர்வால். அவருடைய மகன் அமர் அகர்வால் 2007 டிசம்பரில் புதிய முறையொன்றைச் செய்தார். வெள்விழிச் சுவரில் எதிரெதிரே இரு மெல்லிய மடல்களை உயர்த்தி, வில்லையின் இரு கைகளை அவற்றின் அடியில் வெளிக்கொணர்ந்து செருகி, குருதி உறையும் புரதத்தாலான பசையால் மடல்களை ஒட்டுவது அம்முறை. இன்று பல நாடுகளில் அதைச் செய்கிறார்கள்.

அரியவற்றுள் மிகக் கொடியது, அறுவையின் நடுவே விழிச்சுவரின் உள்ளடுக்கில் பீறிடும் குருதிப்பெருக்கு. கண் கல்லாக இறுகும்; அமைதியாயிருந்த நோயாளி வலியென்று அலறுவார்; அந்நொடியே கீறலை மூடுவது ஒன்றே வழி. கீறல் சிறுத்ததால் இது இன்று மிகவும் குறைந்துள்ளது.

கிருமித்தொற்று வேறு வகை. அது வீட்டுக்குச் சென்றபின், பெரும்பாலும் முதல் வாரத்தில் வருகிறது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவச முகாம் வழியாக அறுவை பெற்றவர்களில் அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகள் ஒரு கண்ணின் பார்வையை இழந்ததை மறக்க இயலாது. மறுபக்கம், அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே எதிருயிரி மருந்து செலுத்துவதன் பயனை மதுரை அரவிந்த் மருத்துவர்கள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் கணக்கிட்டு 2017இல் வெளியிட்டனர். பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ ஏழாயிருந்த தொற்று இரண்டாகக் குறைந்தது. உறை கிழிந்த கண்களிலோ தொற்றின் ஆபத்து பன்மடங்கு என்பதும் அதே கணக்கில் தெரிந்தது.

நம் பங்குகளிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு செய்தி. சிறுநீர்த் தடைக்காக ஆண்கள் பலர் உண்ணும் டாம்சுலோசின் மாத்திரை, கண்பாவையைச் சுற்றிய திரையைத் தளரச் செய்து அறுவையைச் சிக்கலாக்கும் என்பது 2005இல் கண்டறியப்பட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டாலும் விளைவு நீடிக்கலாம். எனவே எப்போதோ உண்டிருந்தாலும் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். அறுவைக்குப்பின் வலி கூடினாலோ, சிவந்து இமை வீங்கினாலோ, முந்தைய நாள் தெரிந்தது மங்கினாலோ, கறுப்புத் திரை ஒரு பக்கமிருந்து இறங்கினாலோ, சொட்டு மருந்தை இரண்டு வேளை கூட்டிப் பார்ப்போம் என்று இருக்கலாகாது. அன்று ஞாயிற்றுக்கிழமையாயிருந்தால் திருப்பலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குச் செல்லலாம். பங்குத்தந்தை ஏனென்று கேட்கமாட்டார்.