நரை தோன்றாத முதியவர்

மூப்பைப் பற்றிய பாட்டுகள் முதியோர்க்கே உரியன என்று இளைஞர் பலர் எண்ணுவதுண்டு. எனக்கோ அவை இளைஞரை நோக்கியே பாடப்பெற்றனவாகத் தோன்றுகின்றன. உறையூரோடும் திருவரங்கத்தோடும் தொடர்புடைய இரண்டு பழம்பாட்டுகளைக் கொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. சங்க காலத்திலோ சோழர் தலைநகர். அங்கிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் அரசனாகவும் புலவனாகவும் விளங்கியவன். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையார் அவனை நேரிற் காணாமலே அவன்பால் பெருநட்புப் பூண்டிருந்தார். இவ்விருவர் வரலாற்றையும் நமக்குக் காத்துத் தந்தது புறநானூறு. நானூறு பாட்டுகள் கொண்ட அத்தொகை நூலை 1894ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதன்முதலாக அச்சிற் பதிப்பித்தார்.

சோழனுக்குப் பெருந்துன்பம் பகைவரால் வரவில்லை. அவன் பெற்ற மக்களாலேயே வந்தது. மக்கள் இருவர் தந்தையை எதிர்த்துப் போருக்கு எழுந்தனர். அவனும் படையொடு புறப்பட்டான். "நீ இறந்தபின் இந்நாடு அவர்க்குத்தானே உரியது? அவர்கள் தோற்றால் யாருக்கு விட்டுச் செல்வாய்?" என்ற கருத்துப்படப் புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் இடித்துரைத்தார். சோழன் பின்னர் உண்ணா நோன்பு பூண்டு வடக்கிருந்தான். ஆந்தையார் தவறாது வருவார் என்று சொல்லி, அவருக்கும் தன்னருகே இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்தார்.

வந்தவரைக் கண்ட சான்றோர் வியந்தனர். அவர் பெயரைக் கேள்வியுற்றே ஆண்டுகள் பல ஆகியிருந்தும், அவர் தலையில் நரை இல்லை. காரணம் யாதென வினவினர். ஆந்தையார் மருந்தையோ உணவையோ காரணமாகக் கூறவில்லை. மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர், ஏவலர் தம் கருத்தையே தம் கருத்தாகக் கொண்டவர், அரசன் முறை தவறாது காப்பவன், ஊரிலோ கல்வியும் அடக்கமும் உடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர். இவ்வைந்தே அவர் கூறிய காரணங்கள்.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இக்கேள்வி எழுந்த சூழலைப் பாட்டு கூறவில்லை. பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பே கூறுகிறது. அக்குறிப்பை ஏற்றுக்கொண்டால், பாட்டின் பொருள் மேலும் ஆழமாகிறது. 'என் மக்கள் அறிவு நிரம்பியவர்' என்னும் சொல், பெற்ற மக்களின் பகையால் உயிர்விடத் துணிந்த ஒரு தந்தையின் அருகில் ஒலிக்கிறது. நண்பருக்கு வாய்த்தது அரசனுக்கு வாய்க்கவில்லை. நகைச்சுவையுள்ள விடையென்று வகுப்பில் படிக்கும் பாட்டு, இவ்வாறு நோக்கும்போது என் நெஞ்சைச் சுடுகிறது.

கி.மு. 44ஆம் ஆண்டில் ரோமாபுரியின் சிசரோ மூப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முதுமை சுமையாவதற்கு வயது காரணமன்று, அவரவர் குணமே காரணம் என்பது அவர் கொள்கை. ஆந்தையார் கூறுவது இதனினும் வேறானது. அவர் அடுக்கிய ஐந்தும் பிறருடைய ஒழுக்கங்கள் அல்லவா? ஒருவரின் முதுமை அவரைச் சூழ்ந்தவர் கையில் இருக்கிறது என்பதே அவர் கண்ட உண்மை.

சோழன் ஆற்றிடைக்குறை ஒன்றில், மரத்தின் புள்ளி நிழலில் வடக்கிருந்தான் என்று மற்றொரு புறப்பாட்டு கூறும். அவ்விடம் திருவரங்கமே என்று துணிய இடமில்லை. எனினும் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே ஆற்றிடைக்குறையாய் விளங்கும் திருவரங்கத்தில், பிற்காலத்தே மூப்பைப் பற்றி வேறொரு குரல் எழுந்தது. நந்தவனம் அமைத்து அரங்கனுக்குத் துளசி மாலை தொடுத்த தொண்டரடிப்பொடியாழ்வாரின் குரல் அது. நாற்பத்தைந்து பாசுரங்கள் கொண்ட திருமாலையில் அவர் ஆயுளையே கணக்கிட்டுப் பார்க்கிறார். நூறாண்டு வாழ்ந்தாலும் பாதி உறக்கத்தில் போகிறது. எஞ்சியதையும் பேதைமை, பிள்ளைமை, பிணி, பசி, மூப்பு, துன்பம் ஆகியவை பங்கிட்டுக்கொள்கின்றன. ஆதலின் பிறவியே வேண்டேன் என்று அரங்கனிடம் முறையிடுகிறார்.

ஆழ்வார் கணக்கில் பிழை காண என்னால் இயலவில்லை. மூப்பைத் தவிர்க்க முடியாது என்பதை அவர் உணர்த்துகிறார். ஆனால் தவிர்க்க முடியாத அம்மூப்பு எத்தகையதாய் இருக்கும் என்பதை ஆந்தையாரே காட்டுகிறார். ஒருவர் பக்தர், மற்றவர் உலகியல் அறிந்த சான்றோர். இருவர் சொல்லும் ஒருங்கே நமக்கு வேண்டும்.

மாணவ நண்பர்களே! ஆந்தையாரின் பட்டியலில் மக்கள் வருகின்றனர். இளையோரான ஏவலர் வருகின்றனர். நாளை முறைசெய்யப் போகும் ஆட்சியாளரும், ஊர்ச் சான்றோராய் அமரப் போகிறவரும் உங்களிடையேதான் இருக்கின்றனர். உங்கள் வீட்டுத் திண்ணையிலோ கட்டிலிலோ அமர்ந்திருக்கும் பாட்டனாரின் நரையை நீங்கள் மாற்ற முடியாது. அந்நரைக்குள் கவலை புகாமல் காப்பது உங்களால் இயலும்.