குளிர் லாரியின் சுவர்

குளிர்சாதன லாரி சரக்கைக் குளிர வைப்பதில்லை. கிடங்கிலேயே குளிரவைத்து ஏற்றிய சரக்கை அதே குளிரோடு இறக்கிவைப்பதுதான் அதன் வேலை. வெயிலில் கிடந்த மாம்பழத்தை ஏற்றிவிட்டு இயந்திரத்தை முடுக்கினால், ஊர் போய்ச் சேரும்வரை அது பழத்தின் சூட்டோடுதான் மல்லுக்கட்டும். பெட்டிக்குள் வெப்பம் நுழையப் பல வழிகள் உண்டு. கூரைமேல் வெயில் விழுகிறது, தார்ச்சாலை அனலடிக்கிறது, கதவு இடுக்கில் வெளிக்காற்று புகுகிறது. பறித்த பின்னும் மூச்சுவிடும் காய்கனிகள் உள்ளிருந்தே வெப்பம் தருகின்றன. நுழைந்ததை வெளியே தள்ளுவது இயந்திரம், நுழையாமல் தடுப்பது சுவர். இரண்டில் மூத்தது சுவர். சாலையில் ஓடும் வண்டிக்குக் குளிர் இயந்திரம் பொருத்தும் காலம் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே, வெறும் சுவரை நம்பிப் பனிக்கட்டி கடல் கடந்தது.

பாஸ்டன் நகர வணிகர் ஃப்ரெடரிக் டூடர் 1806-இல் மார்டினிக் தீவுக்கு முதல் பனிக்கட்டிக் கப்பலை அனுப்பியபோது ஊரே சிரித்தது. அந்தப் பயணத்தில் அவருக்கு நட்டம்தான். வைக்கோல் உட்படப் பலவற்றைச் சோதித்து, கடைசியில் அவர் நம்பியது மரத்தூளை. மரம் அறுக்கும் ஆலைகளில் குப்பையாகக் குவிந்து கிடந்த பொருள் அது. தூளின் இடுக்குகளில் சிக்கிய காற்று அசையாமல் நிற்பதால் வெப்பம் எளிதில் கடப்பதில்லை. 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட ‘டஸ்கனி’ கப்பலில் 180 டன் பனிக்கட்டி ஏறியது. நான்கு மாதம் கடலில் கிடந்து, நிலநடுக்கோட்டை இருமுறை தாண்டிய பிறகும் சுமார் 100 டன் கரைசேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இந்த வணிகத்துக்கான கிடங்குதான். பின்னாளில் விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அதே வட்டக் கட்டடம். பனிக்கட்டியோடு அமெரிக்க ஆப்பிளும் வெண்ணெயும் கப்பலேறி வந்தன. குளிரே சரக்கு என்ற நிலை மாறி, குளிரில் வைத்த பொருள் சரக்கானது இப்படித்தான்.

நிலத்தில் இந்த மாற்றத்தை முதலில் கண்டது ரயில். 1851-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆக்டன்ஸ்பர்க்கிலிருந்து பாஸ்டனுக்கு, மரத்தூள் சுவரும் பனிக்கட்டியும் கொண்ட பெட்டியில் வெண்ணெய் போனது. 1867-இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே.பி. சதர்லாண்டு, பெட்டியின் இரு முனைகளிலும் பனிக்கட்டித் தொட்டி வைத்த வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இறைச்சிதான் பெரிய தலைவலியாக இருந்தது. பனிக்கட்டியில் நேரடியாக உரசிய இடங்களில் அதன் நிறம் கெட்டது. கூரையிலிருந்து தொங்கவிட்டாலோ வளைவுகளில் மொத்தச் சுமையும் ஒருபக்கமாக ஊசலாடிப் பெட்டி தடம் புரண்டது. சிகாகோ இறைச்சி வணிகர் கஸ்டாவஸ் ஸ்விஃப்டுக்காக 1878-இல் பொறியாளர் ஆண்ட்ரூ சேஸ் வடிவமைத்த பெட்டி இதைத் தீர்த்தது. அவர் பனிக்கட்டியை மேலே வைத்தார், இறைச்சியைக் கீழே நெருக்கி அடுக்கினார். குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும். சூடேறிய காற்று மேலேறும். விசிறி இல்லாமலே காற்றோட்டம் கிடைத்தது. உயிருள்ள மாடுகளை ஏற்றிச் சம்பாதித்துவந்த ரயில் நிறுவனங்கள் இந்தப் பெட்டிகளை இழுக்கத் தயங்கின. ஸ்விஃப்ட் அந்த வருமானத்தை நம்பியிராத கிராண்ட் டிரங்க் ரயில்பாதையை நாடினார்.

அந்தப் பெட்டிகளின் மரச்சுவர்களுக்கு நடுவே விலங்கு முடியால் செய்த கம்பளமும் ஆளிநார்ப் பாய்களும் இருந்தன. எவ்வளவு திணித்தாலும் பனிக்கட்டி கரைந்தது. அதனால் வழிநெடுக நிலையங்கள் அமைத்து, பெட்டிக் கூரை உயரத்துக்கு மேடை கட்டி, ஆட்கள் நீண்ட கொக்கிக் கழிகளால் 300 பவுண்டு கட்டிகளை நகர்த்திக் கூரைத் துளைகளில் தள்ளினார்கள். பழத்துக்கு வெறும் பனிக்கட்டி போதும். இறைச்சிக்கு நொறுக்கிய கட்டியோடு உப்பும் கலந்தாக வேண்டும். உப்பு சேர்ந்தால் கலவையின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். ஆனால் சொட்டிய உப்புநீர் தண்டவாளங்களையும் இரும்புப் பாலங்களையும் அரித்துத் தின்றது.

இயந்திரக் குளிர் கடலில்தான் முதலில் வென்றது. 1882 பிப்ரவரியில் நியூசிலாந்திலிருந்து புறப்பட்ட ‘டனீடன்’ பாய்மரக் கப்பல் சுமார் 5,000 உறைந்த ஆட்டுடல்களை மே மாதம் லண்டனில் இறக்கியது. நடுவழியில் குளிர்காற்று எல்லா இடத்துக்கும் போகவில்லை என்று கண்ட கப்பல் தலைவர் ஜான் விட்சன், காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்து போய்ப் புதிய துளைகள் அறுத்தார். உள்ளேயே விறைத்துப்போன அவரைக் காலில் கயிறு கட்டி இழுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குளிரை உண்டாக்குவது ஒரு வித்தை, அதைப் பரப்புவது வேறொரு வித்தை என்பது இன்றைய லாரிக்கும் பொருந்தும்.

சாலைக்கு இயந்திரம் வரத் தாமதமானதற்குக் காரணம் அதிர்வு. அசையாத தரைக்கென்று செய்த குளிர்ப்பொறியின் குழாய்களும் இணைப்புகளும் மேடுபள்ளச் சாலையில் விட்டுப்போயின. 1920-களிலும் 30-களிலும் லாரிகள் பனிக்கட்டியையும் உப்பையும், பிறகு உலர்பனி எனப்படும் திடக் கார்பன் டை ஆக்சைடையுமே நம்பின. உலர்பனி மைனஸ் 78 டிகிரியில் நேரடியாக வாயுவாகும். ஈரம் மிஞ்சாது என்பது வசதி. ஆனால் பக்கத்தில் இருந்த பெட்டி உறைய, கடைசியில் இருந்தது வாடும்.

மினியாபொலிஸ் நகரில் திரையரங்குகளுக்கு ஒலிக்கருவி செய்துவந்த ஜோசப் நியூமெரோவிடம், கோழி இறைச்சிச் சரக்கொன்று வழியில் கெட்டுப்போன கதையை லாரி முதலாளி ஒருவர் கோல்ஃப் மைதானத்தில் புலம்பியதாகச் சொல்வார்கள். கதையின் விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். 1938-இல் நியூமெரோவின் பொறியாளர் ஃப்ரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் லாரிக்கான குளிர்ப்பொறியைச் செய்தார் என்பதில் மாற்றமில்லை. ஜோன்ஸ் 1893-இல் பிறந்த கறுப்பினத்தவர், சிறுவயதில் பெற்றோரை இழந்தவர். பட்டறைகளில் தானே தொழில் கற்றவர். முதல் பொறி சுமார் ஒரு டன் எடை. வண்டியின் வயிற்றுக்கு அடியில் பொருத்தியதால் சாலையின் சேறும் தூசியும் அதை அடைத்தன. பின்வந்த மாதிரிகளில் எடையைக் குறைத்துப் பெட்டியின் முன்நெற்றிக்கு ஏற்றினார் ஜோன்ஸ். இன்றும் நெடுஞ்சாலையில் போகும் குளிர்லாரியின் பொறி ஓட்டுநர் அறைக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பது அந்த முடிவின் தொடர்ச்சி. இவர்களது நிறுவனமே பின்னாளில் தெர்மோ கிங் ஆனது. இருவரும் காலமான பின், 1991-இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவர்களுக்கு வழங்கப்பட்டது.

பொறி பழகிய பிறகுதான் சுவரின் குறைகள் கண்ணில் பட்டன. தக்கைப் பலகை நன்றாகத் தடுக்கும், ஆனால் கனம். 1930-களின் இறுதியில் சந்தைக்கு வந்த கண்ணாடி இழை இலேசானது. அதன் பகை ஈரம். வெளியே புழுக்கமும் உள்ளே குளிரும் இருந்தால், காற்றிலுள்ள நீராவி சின்ன விரிசல் வழியாகவும் சுவருக்குள் நுழைந்து குளிர்ந்த பக்கத்தில் நீராகிவிடும். அசையாத காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்துவது. நனைந்த இழை தன் கனத்திலேயே சரிந்து அடியில் குவிய, மேல்பாதிச் சுவர் வெற்றுக்கூடாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டீசல் செலவும் வண்டியின் வெற்று எடையும் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

விடை ஜெர்மனியின் வேதியியல் கூடத்திலிருந்து வந்தது. 1937-இல் லெவர்குசனில் ஓட்டோ பாயர் குழுவினர் உருவாக்கிய பாலியூரித்தேன், போருக்குப் பின் கெட்டியான நுரையாகவும் வார்க்கப்பட்டது. குளிர்பதனத் தொழிலில் ‘பஃப்’ என்று சொல்வது இதைத்தான். இரு திரவங்களைக் கலந்து இரண்டு தகடுகளுக்கு நடுவே ஊற்றினால் அது பொங்கி, மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து, தகடுகளையும் தானே ஒட்டிக்கொண்டு இறுகும். கண்ணறைகள் மூடியவை என்பதால் நீர் எளிதில் புகாது. சுவரே வலுவாகிவிட்டதால், வெப்பத்தை உள்ளே கடத்தும் மரச்சட்டங்களும் இரும்புச் சட்டங்களும் பெருமளவு குறைந்தன. நுரையைப் பொங்கவைத்த சி.எஃப்.சி.-11 வாயு கண்ணறைகளிலேயே தங்கியது. அது கடத்தும் வெப்பம் காற்று கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதைவிடப் பொருத்தமான வாயு கிடைப்பது அரிது. அதுவே ஓசோன் படலத்தைத் தின்றது. 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் தொழில் படிப்படியாக வேறு வாயுக்களுக்கும் சைக்ளோபென்டேனுக்கும் மாறியது.

சுவரை அளக்கும் சட்டமும் இதற்கிடையே பிறந்தது. 1970 செப்டம்பர் 1 அன்று ஜெனீவாவில் உருவாகி 1976-இல் நடைமுறைக்கு வந்த ‘ஏ.டி.பி.’ ஒப்பந்தம், எல்லை கடந்து உணவு ஏற்றும் வண்டிகளின் பெட்டிக்கு ‘கே’ மதிப்பு என்ற அளவுகோலை வைத்தது. ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் கசிகிறது என்பதே அது. உறைந்த உணவுக்கு 0.40-ஐத் தாண்டக் கூடாது. சுமார் 150 சதுர மீட்டர் பரப்புள்ள நீண்ட டிரெய்லரின் உள்ளே மைனஸ் 20, வெளியே 30 டிகிரி என்றால் சுவர் வழியாக மட்டும் 3,000 வாட் நுழையும். அதே சுவர் மூப்படைந்து 0.60-ஐத் தொட்டால் 4,500 வாட். நுரையின் வாயு மெல்ல வெளியேறிக் காற்று உள்ளே வருவதால் மூப்பு தவிர்க்க முடியாதது. அதனால்தான் சான்றிதழ் ஆறு ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும், பிறகு மறுசோதனை.

தடிமன் கூட்டினால் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். சாலை விதியோ வண்டியின் அகலத்துக்கு வரம்பு கட்டுகிறது, உள்ளே 1.2 மீட்டர் நீளமுள்ள இரண்டு பலகைத் தட்டுகள் குறுக்காக அடங்கியாக வேண்டும். ஐரோப்பா இங்கே விதியை வளைத்தது. பக்கச்சுவர் 45 மில்லிமீட்டருக்குக் குறையாத குளிர்வண்டிகளுக்கு மட்டும் 2.60 மீட்டர் அகலம் 1988-இல் அனுமதிக்கப்பட்டது, மற்ற வண்டிகளுக்கு அப்போது 2.50தான். அந்த 10 சென்டிமீட்டர் முழுக்கச் சுவருக்கான சலுகை.

இந்தியாவில் சுவரை மட்டும் நம்பும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. மீன் பெரும்பாலும் நொறுக்கிய ஐஸோடு தெர்மாகோல் பெட்டிகளில் போகிறது. கூட்டுறவுப் பால் சங்கங்களின் டேங்கர்களிலும் குளிர்ப்பொறி கிடையாது. சுமார் 4 டிகிரிக்குக் குளிரவைத்த பாலை இரட்டைச் சுவர் எஃகுத் தொட்டியில் ஏற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கான லிட்டர் ஒரே திரளாக இருப்பதால், இரவுப் பயணத்துக்குப் பிறகும் பால் ஓரிரு டிகிரிதான் சூடேறும். காய்கனிக்கு இந்த வசதி இல்லை. அவை மூச்சுவிடுவதால் காற்றோட்டமும் பொறியும் இல்லாமல் முடியாது. இந்தியக் குளிர்ச்சங்கிலி பற்றிய 2015-ஆம் ஆண்டின் அரசு ஆய்வு, நாட்டுக்குச் சுமார் 62,000 குளிர்வண்டிகள் தேவை, இருப்பதோ சுமார் 9,000 என்று கணக்கிட்டது. அதே ஆய்வில் இதைவிடப் பெரிய பற்றாக்குறை லாரியில் ஏற்றும் முன் விளைபொருளைத் தரம்பிரித்துக் குளிரவைக்கும் சிப்பமிடு கூடங்களில்தான்: 70,000-க்கு மேல் தேவைப்பட்ட இடத்தில் இருந்தவை 249.