டவுப்போ ஏரி டிரவுட் மீன்பிடி

நியூசிலாந்தின் வடதீவு நடுவே உள்ள டவுப்போ ஏரியிலும், அதில் வந்து கலக்கும் டோங்காரிரோ முதலிய ஆறுகளிலும் நடைபெறும் தூண்டில் மீன்பிடி உலகப் புகழ் பெற்றது. ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் பெருங்குழியில் நீர் தேங்கி உருவான இந்த ஏரியின் பரப்பு 616 சதுர கிலோமீட்டர். இங்கிருந்து புறப்படும் வைக்காட்டோ ஆற்றின் ஹூக்கா அருவி, கடலிலிருந்து விலாங்கு ஏறிவர முடியாதபடி தடுத்தது. அதனால் ஏரிக்கரை மாவோரிகளான ஙாத்தி தூவாரெதோவா குலத்தார் கோவாரோ என்னும் சிறுமீனையும், சிங்கி இறாலை ஒத்த கோவுராவையும் உண்டு வாழ்ந்தனர்.

டிரவுட் இந்நாட்டு மீன் அன்று. பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் 1860களில் டாஸ்மேனியாவிலிருந்தும், வானவில் டிரவுட்டின் முட்டைகள் 1883இல் கலிபோர்னியாவிலிருந்தும் நியூசிலாந்துக்கு வந்தன. டவுப்போவில் முன்னது 1880களிலும், பின்னது 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலும் விடப்பட்டன. கோவாரோ திரளாகக் கிடைத்ததால் வானவில் டிரவுட் கொழுத்து வளர்ந்தது. 1910 வாக்கில் பத்து இறாத்தல் மீன் அங்கே வியப்பில்லை. ஆனால் பெருகிய வேகத்திலேயே இரையையும் தீர்த்துவிட்டது. மீன்கள் மெலிந்தன. அரசே வலையிட்டு அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1930களில் ஸ்மெல்ட் என்னும் பொடிமீனைக் கொண்டுவந்து விட்ட பிறகே இரைப் பஞ்சம் தீர்ந்தது.

குலத்தாருக்கு நேர்ந்தது இரட்டை இழப்பு. உண்டுவந்த மீன் அருகிப்போயிற்று. அதைத் தின்று தீர்த்த மீனைப் பிடிக்கவோ உரிமம் வாங்க வேண்டும். 1926இல் இயற்றப்பட்ட சட்டம் ஏரிப் படுகையை அரசுடைமையாக்கி, ஆற்றங்கரைகளில் தூண்டிற்காரர் நடமாட வழியும் செய்தது. ஈடாகக் குலத்தின் வாரியத்துக்கு ஆண்டுக்கு 3,000 பவுனும், உரிமக் கட்டண வருவாயில் ஒரு பங்கும் கிடைத்தன. ஈடு என்ற பெயர் இருந்தாலும் இழந்த உணவுக்கு அது ஈடாகவில்லை. படுகையின் உரிமை 1992 ஒப்பந்தத்தில்தான் குலத்துக்குத் திரும்பியது.

டோங்காரிரோவின் பெயரைக் கடல் கடந்து பரப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் சேன் கிரே. நியூசிலாந்து மீன்பிடி பற்றிய அவருடைய நூல் அதே 1926இல் வெளிவந்தது. குளிர்காலத்தில் மழை பெய்து ஆறு பெருகும்போது ஏரி மீன்கள் முட்டையிட ஆறேறுகின்றன; துராங்கி ஊரில் கூட்டம் சேர்வதும் அப்போதுதான். ஆற்றில் இறகும் நூலும் கொண்டு கட்டிய போலிப் பூச்சியை வீசிப் பிடிப்பர். ஏரியில் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் செல்வதும் உண்டு.

நியூசிலாந்தில் டிரவுட்டை விற்பது சட்டப்படி குற்றம். உண்ண விரும்புவோர் உரிமம் பெற்றுத் தாமே பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவர் கொடுத்தால் பெற்றுக்கொள்ளலாம்.