ஹைகிரவுண்டுக்குப் போகும் வழி

ஐந்தருவிப் பக்கம் பிரசவம் சிக்கலானால், என் அம்மா காலத்தில் பெரியவர்கள் சொன்ன பெயர் ஒன்றுதான்: ஹைகிரவுண்டு. 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. தென்காசியிலிருந்தே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த எனக்கு அந்தத் தூரம்தான் பெரிய பயம். காலில் வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல் என்று ஒரு கர்ப்பிணி சொன்னால் நெஞ்சு பதறும். ரத்தக்கொதிப்பு ஏறி ஜன்னி கண்டுவிடலாம். பிள்ளை பிறந்த பின் நிற்காமல் போகும் உதிரமோ இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்காது.

2000-களில் தமிழக அரசு மருத்துவமனைகளில் ‘சீமாங்க்’ மையங்கள் வந்தன. மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், ரத்தம், அறுவை அரங்கு எல்லாம் இரவும் பகலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படை. தென்காசி அரசு மருத்துவமனையிலும் அந்த வசதி வந்தது. 2008-இல் 108 வண்டி ஓடத் தொடங்கியது. 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது.

2018–20 கணக்குப்படி தமிழ்நாட்டில் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்த எண் இன்னும் இறங்க வேண்டும். அதற்கு, மூன்றாம் மாதத்துக்குள் பதிவு செய்து, ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் தவறாமல் பார்க்க வேண்டும்.