நம்மூர்ல செஞ்ச வண்டிக்கு சீமையில சாமான்

ஸ்டாண்டர்டு 2000 கார் ஞாபகம் இருக்கா? தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம், ஹெரால்டு, கெஸல் எல்லாம் செஞ்ச அதே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் இறக்கிய வண்டி. பாடி பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. இன்ஜின் மட்டும் பழைய வேன்கார்டு வழி வந்த 1991 சிசி! விலை ஜாஸ்தி, மைலேஜ் கம்மி. 1988-லேயே கதை முடிஞ்சுது.

2006-ல் நீதிமன்ற உத்தரவுப்படி கம்பெனி சொத்துகள் ஏலம் போச்சு. மிச்சமிருந்த எஸ்டி1 சாமான்களை வாங்கினது யார் தெரியுமா? இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ். நம்மூர் கிடங்கில் கிடந்த கதவையும் பானெட்டையும் இன்னிக்கு சீமையில தேடணும்!

சரி, த்ராட்டில் உடைஞ்சா? அங்கேயும் வேலைக்காகாது சார். ரோவர் இன்ஜினே வேற, அதோட லிங்கேஜ் இதுல உட்காராது. கார்புரேட்டருக்குள்ள காத்தைத் திறந்து மூடுற தகடு, அதைத் தாங்குற தண்டு, அவ்வளவுதான் சமாசாரம். தண்டு தேய்ஞ்சா ஓரமா காத்து புகுந்து ஐடிலிங் ஆட்டம் போடும். புதுப்பேட்டையில் பழசு தேடிப் பார்க்கலாம். என் ஓட்டு லேத்துக்குத்தான்: துளையைப் பெரிசாக்கி, புஷ் அடிச்சு, புதுத் தண்டு கடைஞ்சு போட்டா ஓடும். ஸ்பிரிங் மட்டும் நல்லதா போடுங்க. த்ராட்டில் திறந்தபடியே மாட்டிக்கிட்டா ஜி.எஸ்.டி. ரோட்டில் கோவிந்தாதான்!